ஆணி அடித்த சன்னல்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் தனேஸ்வரி எழுதுகிறேன். முட்டிவலி குறைந்ததா? அங்கே சிகாமாட்டிலும் இப்படித்தான் வெயிலா? நான் சுகம், கொஞ்சம் களைப்பு மட்டும்.

இங்கே சுங்கை ஆயர் தாவார் பள்ளியில் என் வகுப்பைப் பழைய கணினி அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஏர்கோன் கெட்டு மூன்று மாதமாகிறது. அது ஓடிய காலத்தில் குளிர் வெளியே போகக்கூடாதென்று சன்னல்களை ஆணி அடித்து மூடிவிட்டார்களாம். பத்து மணிக்கே பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். சோம்பேறிகள் என்று தினமும் திட்டினேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கே தலை சுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பயப்படாதீர்கள், விழவில்லை. பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தால் விசிறினார்கள். நிருபா என்ற மாணவி தண்ணீர் கொடுத்து, "எங்களுக்கும் டெய்லி இப்படித்தான் டீச்சர் வரும். இது தூக்கம் இல்ல லா," என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாள் சுத்தியலோடு போய் நானே ஆணிகளைப் பிடுங்கினேன். தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசிச் சன்னலை அவரே திறந்துவிட்டார்.

வீட்டிலிருக்கும் சின்ன மேசை விசிறியை பஸ்ஸில் அனுப்புங்கள். நான் தங்கியிருக்கும் அறைக்குத்தான். தனியாக இருக்கும்போது அது ஓடும் சத்தமாவது கேட்டுக்கொண்டிருக்கும்.

மணி அடித்துவிட்டது. பிள்ளைகளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, இன்று கேட்டுவிடுகிறேன். மருந்தை மறக்காமல் சாப்பிடுங்கள்.

தனேஸ்வரி