இடது பக்கம் சாயும் பாப்பா

ஜூன் 8, சனி

பாப்பாவின் அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் பேசினாலும், வாசலில் பாப்பாவைக் கைமாற்றும்போது பேசினாலும் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதி அவள் பையில் வைக்கிறேன்.

நேற்று ஆர்டருக்கு வந்த பள்ளிச் சீருடைகளைத் தைக்க உட்கார்ந்தேன். மெஷின் ஓடத் தொடங்கியதும், தரையில் உட்கார்ந்திருந்த பாப்பா அப்படியே இடது பக்கம் சாய்ந்தாள். நிறுத்தினேன், நிமிர்ந்தாள். மறுபடி ஓட்டினேன், மறுபடி சாய்ந்தாள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். "குழந்தை ஜம்முனு இருக்கா. நீங்கதான் கொஞ்சம் தூங்கணும்" என்று அனுப்பிவிட்டார்.

உங்கள் வீட்டில் எங்காவது விழுந்தாளா? மறைக்காமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் இனி ஞாயிறுகளில் அவளை அனுப்ப மாட்டேன்.

பாப்பாவின் அம்மா

ஜூன் 9, ஞாயிறு மாலை

பாப்பாவின் அம்மாவுக்கு,

சத்தியமாக விழவில்லை.

முதல் ஞாயிறு என் முகத்தைப் பார்த்ததுமே அழுதாள். எனக்குத் தாலாட்டு வராது. கதை சொன்னால் எனக்கே தூக்கம் வந்துவிடும். தெரிந்த ஒரே வேலை பஸ் ஓட்டுவது. அதனால் அவளை மடியில் வைத்து, ஒரு தட்டை ஸ்டீயரிங் என்று கையில் கொடுத்து, வாயாலேயே வண்டியைக் கிளப்பினேன். "லெஃப்ட்ல வளைவு வருது, எல்லாரும் கெட்டியா பிடிச்சுக்கோங்க" என்றதும் இரண்டு பேரும் சாய்வோம். அழுகை நின்றுவிட்டது. இப்போதெல்லாம் எனக்கு முன்னாடியே சாய்கிறாள். உன் மெஷின் சத்தத்தையும் பஸ் என்று நினைத்திருப்பாள்.

உன்னைப் பயமுறுத்திவிட்டேன், மன்னித்துக்கொள். வாரம் முழுக்க ஊரையே ஏற்றி இறக்குகிறேன். ஆனால் இந்த ஒரு ஆளுக்காகத்தான் காத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையைப் பறித்துவிடாதே.

பாப்பாவின் அப்பா

ஜூன் 16, ஞாயிறு காலை

டிரைவர் அவர்களுக்கு,

படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு நானும் தட்டைக் கொடுத்து வண்டியைக் கிளப்பினேன். என் வண்டி கொஞ்சம் இருமியது. ஆனாலும் சாய்ந்தாள், நானும் சாய்ந்தேன். அப்படி ஒரு சிரிப்பு. பால், துணி, தூக்கம் என்று ஓடிக்கொண்டே இருந்துவிட்டேன், அவளோடு விளையாட உட்காரவே இல்லை. உங்கள் மேல் பொறாமையாக இருந்தது.

ஒரு சிக்கல். வளைவு முடிந்ததும் திரும்பி என் முகத்தையே பார்க்கிறாள். அடுத்து நீங்கள் ஏதோ செய்வீர்கள் போலிருக்கிறது. ஹார்ன் அடித்தேன், அது இல்லை. பிரேக் போட்டேன், அதுவும் இல்லை. உதட்டைப் பிதுக்கிவிட்டாள்.

கீழே வாசலில் பை மட்டும் தொங்குவதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பாப்பா மேலே வீட்டில்தான் இருக்கிறாள். நீங்களும் மேலே வந்து மீதியைச் சொல்லிக்கொடுங்கள். மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் சமைத்திருக்கிறேன்.

பாப்பாவின் அம்மா