அவர் சொல்லாத இரண்டு வார்த்தை

மார்ச் 4

முதல் விவாதம் முடிந்தது. தொண்ணூறு நிமிடம். விரல் பத்தும் என்னுடையவை மாதிரியே இல்லை.

காது கேளாதவர்கள் படிப்பதற்காக டிவி திரையின் அடியில் ஓடும் வரிகளைக் கேட்கக் கேட்க அடிப்பது என் வேலை. பேச்சுக்கும் வரிக்கும் நடுவே நான்கு நொடி போகலாம். அதற்கு மேல் போனால் செய்தி ஆசிரியர் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டுவார். இன்று ஒரே ஒருமுறைதான் ஆட்டினார். தப்பித்தேன்.

வேட்பாளர்கள் இரண்டு பேர். ஒருவர் கல்லூரியில் இருந்தவர், எங்கள் அறையில் அவருக்குப் பேர் பேராசிரியர். இன்னொருவர் இரும்புக் கடை நடத்தியவர், அவர் கடைக்காரம்மா. இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் யாரை அடிப்பேன்? சத்தம் பெரிதாக இருப்பவரை. யாரும் சொல்லித் தந்த விதி இல்லை, காது தானாகச் செய்கிறது.

மார்ச் 5

அக்கா வந்தாள். அவளுக்கு மூன்று வயதிலிருந்து காது கேட்காது. எங்களுக்குள் கையால்தான் பேச்சு. வந்ததும் வராததுமாக, பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் ஆரம்பித்துவிட்டாள்.

"பேராசிரியருக்குத்தான் என் ஓட்டு. ஆஸ்பத்திரிய மூட மாட்டோம்னு அந்த மனுஷன்தான் நேரா சொன்னார்."

அத்தானுக்கு வாரம் மூன்று நாள் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில்தான் டயாலிசிஸ். அது போனால் அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேர பஸ். இந்தத் தேர்தலில் அக்காவுக்குக் கேள்வி அது ஒன்றுதான். தையல் கூடத்தில் கூட வேலை பார்க்கும் பதினோரு பேருக்கும் சொல்லிவிட்டாளாம். அவர்களுக்கும் காது கேட்காது.

எனக்கு ஒரே பெருமை. நான் அடித்த வரி இத்தனை பேருக்குப் போயிருக்கிறதே.

மார்ச் 6

பெருமை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

பிழை திருத்துவதற்காகப் பதிவைப் போட்டேன். பேராசிரியர் சொன்னது: "அதாவது... வந்து... ஆஸ்பத்திரிய மூடுவோம்னு நாங்க எங்கயுமே சொல்லலையே." நான் அடித்தது: மருத்துவமனையை மூட மாட்டோம்.

நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் அவர் அதையேதான் சொன்னார்.

எப்படி நடந்தது என்று தெரியும். ஆறு நொடி பின்தங்கியிருந்தேன், ஆசிரியர் கையை ஆட்டினார். பின்தங்கினால் வாக்கியத்தின் தலையைப் பார்த்து வாலை ஊகித்து அடித்துவிடுவோம். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அந்த மனிதர் மழுப்பினார். அவருக்காக நான் வாக்குறுதி கொடுத்துவிட்டேன். எங்க அக்கா அத நம்பி உக்காந்திருக்கா — ஊரெல்லாம் வேற சொல்லி வெச்சிருக்கா. எப்படிச் சொல்லுவேன் இத அவகிட்ட?

மார்ச் 7

சொல்லவில்லை.

மார்ச் 8

முதலில் ஆசிரியரிடம் சொன்னேன். என்னுடையது ஒப்பந்த வேலை, அவர் முகம் சுளித்தால் போதும். போனால் போகட்டும் என்றுதான் போனேன். பதிவைக் கேட்டார், வரியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கைய ஆட்டினது நான்தானேம்மா."

அவ்வளவுதான். அடுத்த விவாதம் தொடங்கும்போது திருத்தம் ஓடும், இனி எட்டு நொடி வரை தாமதமாகலாம் என்றார். ஆறு வருடமாக இந்த நோட்டில் அவரைச் சிடுமூஞ்சி என்றே எழுதி வந்திருக்கிறேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நன்றி சார்.

மார்ச் 9

தையல் கூடத்தில் சாப்பாட்டு இடைவேளை. அக்காவிடம் மட்டும் காதும் காதும் வைத்த மாதிரி முடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன் (எங்கள் விஷயத்தில் என்ன ஒரு சொல்). அவள் என்னை இழுத்துக்கொண்டு போய் எல்லோர் முன்னாலும் நிறுத்திவிட்டாள். "இங்க சொல்லு. இவங்களுக்குச் சொன்னது நான்."

சொன்னேன். எத்தனை 'அதாவது', எத்தனை 'வந்து' என்பது முதற்கொண்டு.

யாரும் திட்டவில்லை. பட்டன் தைக்கும் அம்மா மட்டும் கேட்டார். "அவர் எப்பவும் இப்படித்தான் பேசுவாரா?"

ஆமாம் என்றேன்.

"அந்தம்மாவும்?"

அவரும்தான், பாதி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து கத்துவார்கள், எங்களுக்கே ஒன்றும் புரியாது என்றேன்.

"இத்தன வருஷமா நீங்கல்லாம் என்னமோ பெரிய பேச்சா கேக்கறீங்கன்னு நாங்க ஏங்கிட்டு இருந்தோமே" என்றார். கூடமே சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. "கத்தினா கத்தறாங்கன்னு போடு. மழுப்பினா மழுப்பினது தெரியட்டும். நீ அழகுபடுத்தாத. நாங்க என்ன கொழந்தைங்களா?"

வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன். திட்டியிருந்தால் இவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

மார்ச் 14

இரண்டாவது விவாதம். திருத்தம் ஓடியது. 'இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்' என்று பதினேழு முறை அடித்தேன்.

மார்ச் 16

பேராசிரியரின் ஆட்கள் புகாரோடு வந்தார்களாம், அவர் பேச்சைக் கேலி செய்து எழுதுகிறோம் என்று. ஆசிரியர் பதிவையும் வரியையும் சேர்த்து ஓடவிட்டிருக்கிறார். ஒரு சொல்கூட மாறவில்லை. காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

மார்ச் 21

கடைசி விவாதம். தையல் கூடத்திலிருந்து பன்னிரண்டு கையெழுத்தோடு நிலையத்துக்குக் கடிதம் வந்திருந்தது. நெறியாளர் அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: ஆஸ்பத்திரியை மூடுவீர்களா, மாட்டீர்களா? மழுப்ப மழுப்ப மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை இரண்டு பேரும் நேராகப் பதில் சொன்னார்கள்.

இந்த நிகழ்ச்சியை நானே எவ்வளவு நக்கல் அடித்திருக்கிறேன். கத்தல்தான், வெட்டிப் பேச்சுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதரை எதிராளியின் பக்கத்தில் நிற்க வைத்து ஒரே கேள்வியை மூன்று முறை கேட்க வேறு எங்கே முடியும்? அவரவர் கூட்டத்தில் கைதட்டத்தான் ஆள் இருக்கும். இன்று நன்றியோடு எழுதுகிறேன்.

மார்ச் 28

ஓட்டுப் போடும் நாள். காலையில் அக்கா வந்து, யாருக்குப் போடப் போகிறாய் என்று கேட்டாள். தெரியாது என்று கையை விரித்தேன்.

மூன்று விவாதத்தையும் சொல் சொல்லாக அடித்தவள் நான். ஆஸ்பத்திரி பற்றி யார் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. காதில் விழுவது நேரே விரலுக்கு இறங்கிவிடுகிறது, நடுவில் எங்கும் தங்குவதில்லை.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சமையலறை மேசையில் என்னை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். கடைக்காரம்மா டயாலிசிஸ் பிரிவை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொண்டு மற்றதைப் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ப்பார். பேராசிரியர் இரண்டு வருடத்துக்கு எதையும் தொட மாட்டார், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். முதல் விவாதத்தில் என்ன சொன்னார்கள், மூன்றாவதில் எங்கே மாறினார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் ஓட்டு கடைக்காரம்மாவுக்கு. எனக்கு மனம் ஒப்பவில்லை. எல்லாம் போன கட்டடத்தில் ஒரு பிரிவு மட்டும் எத்தனை நாள் இருக்கும்? முழுசாக இரண்டு வருடம் கிடைத்தால் அதற்குள் போராடலாமே?

"ரெண்டு வருஷம் கழிச்சு மூடிட்டா உங்க அத்தானுக்கு டயாலிசிஸ் எங்க பண்றது?" என்றாள்.

வாக்குச்சாவடி வரிசை வரைக்கும் சண்டை. பேசக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள், நாங்கள் பேசவில்லையே. காவலுக்கு நின்றவர் எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார், என்ன செய்வதென்று தெரியாமல்.

அவள் ஓட்டு அவளுக்கு, என் ஓட்டு எனக்கு. இரண்டும் எதிரெதிர்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையைப் பிடித்துக்கொண்டால் எங்களுக்குப் பேச வழியில்லை. வீடு வரைக்கும் அவள் விடவில்லை.