உள்ளங்கையில் உருட்டிய ஊசிமருந்து

அன்புள்ள ஈவ்லின் அக்காவுக்கு,

நர்சு அம்மாவின் மருந்துக் குப்பியை எடுத்ததும் ஊசியில் ஏற்றவில்லை, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டினார். அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். இது எண்ணெய் மருந்து, சில்லென்று போட்டால் வலிக்கும் என்று அவர் அம்மாவிடம் சொன்னபோது, நம் குளியலறை வாசலில் உட்கார்ந்து நீயும் இப்படியே உருட்டியது நினைவுக்கு வந்தது.

மாதா தயவில் அம்மாவும் நானும் மைசூரில் நலம், பூனாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும், இது அம்மா சொல்லி எழுதுவது. மற்றதெல்லாம் என்னுடையது. அம்மாவுக்கு நாற்பது வயதாகும் முன்பே மாதவிலக்கு நின்றுவிட்டது, உடம்பெல்லாம் எரிச்சல், தூக்கம் கிடையாது. அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பில் சுரக்க வேண்டிய இரண்டு ஹார்மோன் சீக்கிரமே குறைந்துவிட்டது, இரண்டும் சேர்ந்த ஊசியை மாதாமாதம் போட வேண்டும் என்றார். பெட்டியைத் திருப்பிப் படித்தேன். உன் பெட்டியில் இருந்த அதே இரண்டு பெயர்கள்.

அக்கா, உன் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்துச் சாக்கடையில் கொட்டியது மதலைமுத்து மாமாதானே. பொம்பளை மருந்துக்கு இந்த வீட்டில் என்ன வேலை, அதைப் போடுகிறவனுக்கும் இங்கே இடமில்லை என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாரே. அதே மாமா இப்போது ஸ்கூட்டரில் போய் அதே மருந்தை வாங்கி வருகிறார், வெயில் படக் கூடாது என்று கைக்குட்டையில் சுற்றி வருகிறார். அம்மாவுக்கு உடம்பு கேட்டால் அது வைத்தியம், உனக்கு உடம்பு கேட்டால் அது பாவமா? எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது என்று உனக்குத் தெரியும். அன்றைக்கும் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன்.

நேற்று அம்மா ஊறவைத்த அவரைக் கொட்டையைத் தோல் நீக்கிப் பிதுக்கிக்கொண்டே இந்தக் கடிதத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். “மாமா இல்லாத நாளா பாத்து அவனை வந்துட்டுப் போகச் சொல்லு. சும்னே ஜகளா வேணாம், வீண் சண்டை எதுக்கு.” நீ என்ன திருடியா, ஆள் இல்லாத நேரம் பார்த்து உன் வீட்டுக்கு வர? பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். “அப்போ உன் ஊசியையும் மாமா இல்லாத நாளா பாத்துப் போட்டுக்கம்மா” என்றேன். எப்படி வந்தது என்றே தெரியவில்லை. அம்மா திட்டுவாள் என்று பார்த்தேன். பாத்திரம் நிறையும் வரை பிதுக்கினாள். அப்புறம், “பிதுக்கு அவரைன்னா அவளுக்கு உசுரு” என்று உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

உடம்பு தேறியதற்கு அம்மா நன்றிப் பூசை நேர்ந்திருக்கிறாள், வரும் மாதம் முதல் ஞாயிறு காலை, தமிழ்ப் பூசையில். வீட்டில் உள்ளவர்கள் பெயரையெல்லாம் பீடத்திலிருந்து வாசிப்பார்கள். மாமா பாடகர் குழுவில்தான் நிற்பார். நீ அன்றைக்கு வா, எல்லோரும் இருக்கும்போது வா. இன்னொன்று, கடையில் வாங்கி நீயே குத்திக்கொள்ளாதே, டாக்டரிடம் காட்டி ரத்தம் பார்த்துப் போடு. கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஓடி வர வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னார்கள், அது உனக்கும்தான்.

உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிப்பதாக அம்மா எழுதச் சொன்னாள்.

அம்மாவுக்காகவும் எனக்காகவும்,
உன் தங்கை நிம்மி

பி.கு. கடிதத்தை ஒட்டாமல் கையில் வைத்துக்கொண்டே கோயில் அலுவலகத்துக்குப் போனேன். உபதேசியார் பூசைக்குப் பெயர்கள் கேட்டார். அம்மா பெயர் பிலோமினா, அப்புறம் ஈவ்லின், நிம்மி என்றேன். “ஈவ்லின் யாரும்மா?” என்றார். வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, என் அக்கா என்றேன்.