ஒத்துக்காத மோதிரம்

வியாழக்கிழமை, ராத்திரி

தூக்கம் வர மாட்டேங்குது. ஆத்திரந்தான் வருது.

நிச்சயத்துக்குன்னு ஞாயித்துக்கிழமை நான் ஆசைப்பட்டு எடுத்த மோதிரம். நடுவுல ஒரு வைரம், அதைச் சுத்தி வட்டமா பொடிப்பொடியா வைரம். கடையில ஹேலோன்னு சொன்னாங்க. சதீஷுக்கும் பிடிச்சுது. அவரோட அம்மாதான், "வைரம் எல்லாருக்கும் ஒத்துக்காது அம்மணி. நாலு நாள் எங்க ஊட்டுல வெச்சுப் பாத்துப்போட்டு முடிவு பண்ணலாம்"னாங்க. தெரிஞ்ச கடைங்கறதால கொடுத்துவிட்டாங்க. மோதிரம் பொள்ளாச்சிக்குப் போய் அவங்க சாமி ரூம்ல உக்காந்துக்கிச்சு.

இன்னைக்கு நான் ஆபீஸ்ல இருக்கறப்ப சதீஷ் போன் பண்ணினார். தோப்புல போர் மோட்டார் எரிஞ்சு போச்சாம். அதனால மோதிரத்தைக் கடைக்கே திருப்பிக் கொடுக்கறாங்களாம்.

"ஏனுங்க, மோட்டாருக்கும் மோதிரத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ஒத்தைக் கல்லுன்னாக் கூடப் பரவால்ல, இத்தனை கல்லுல எது ஆகாததுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு அம்மா கேக்கறாங்க. விடு அம்மணி, வேற பாத்துக்கலாம்." சொல்லிப்போட்டுச் சிரிப்பு வேற.

அந்த மோட்டார் வருஷா வருஷம் எரியுதுன்னு பொலம்பினதே அவர்தான். அப்பெல்லாம் எந்த மோதிரம் சாமி ரூம்ல இருந்துச்சு? வாய் வரைக்கும் வந்துச்சு. "சரிங்க"ன்னு போனை வெச்சுப்போட்டேன்.

எங்கம்மாகிட்டச் சொன்னா, "ஒரு மோதிரத்துக்கா கண்ணு இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறே?"ங்கறாங்க.

மோதிரத்துக்காக இல்லம்மா.

தை மாசம் கல்யாணம். அடுத்த தடவை அந்த மோட்டார் எரியறப்ப, அந்த ஊட்டுக்குப் புதுசா வந்தது நானாத்தான் இருப்பேன்.