கழுத்தைத் தவிர மற்றதெல்லாம்

பிப்ரவரி 9

கணக்கு டீச்சர் இன்றும் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணைத் தொறங்க மேடம்."

"பாத்தா பயமா இருக்கு சார்."

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இத்தனை வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் போட்டவன் என்ற முறையில் அவரை நான் கண்டித்திருக்க வேண்டும். கண்டிக்கவில்லை. என்கிட்ட மட்டும் என்ன வாழுதாம்?

சாயங்காலம் மனைவியோடு டாக்டரிடம் போனேன். கழுத்தில் வந்திருக்கும் கட்டி நல்லதா கெட்டதா என்று ஊசிப் பரிசோதனையில் தெரியவில்லையாம். தைராய்டு சுரப்பியில் கட்டி இருக்கும் பாதியை அறுத்து எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியுமாம். எல்லாம் சொல்லிவிட்டு, "வீட்டுக்குப் போய் நெட்டுல தேடாதீங்க" என்றார். நோயாளி அவள். டாக்டர் பார்த்ததோ என்னை. என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது போல.

கார் கதவைத் திறக்கும் முன்பே அவள் பிடித்துக்கொண்டாள். "என் மேல சத்தியம் பண்ணுங்க. இதப் பத்தி ஒரு எழுத்து படிக்கக் கூடாது."

சத்தியம் செய்தேன். போன வருடம் முழங்கால் வலித்தபோது இணையக் கலைக்களஞ்சியத்தைக் கரைத்துக் குடித்து, எனக்கு என்னென்னவோ அரிய நோய்கள் இருப்பதாகக் கண்டுபிடித்து, அவளிடம் பீரோ சாவி எங்கே இருக்கிறது என்பது வரை சொல்லி வைத்தேன். கடைசியில் செருப்பு சரியில்லை. கண்டுபிடித்தது செருப்புக் கடை வைத்திருக்கும் மச்சினன்.

பிப்ரவரி 10

சத்தியம் கழுத்துக்கு மட்டும்தானே? மற்ற அறிவுக்கு யாரும் தடை போடவில்லையே.

வகுப்புகளுக்கு இடையில் காரிலேயே உட்கார்ந்து களஞ்சியத்தைத் திறந்தேன். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். என்னிடம் இருக்கும் ஒன்றையே சமாளிக்க முடியவில்லை. தாவரவியல்படி வாழைப்பழம் பெர்ரி வகை, ஸ்ட்ராபெர்ரி பெர்ரி இல்லை. பட்டாம்பூச்சி காலால் ருசி பார்க்கும். ஜிப் எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து என் கைப்பையின் ஜிப்பை நானே ரிப்பேர் செய்தேன். இப்போது அது திறப்பதே இல்லை.

மனைவி வேலை முடிந்து வந்தாள். அவளுக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார் தொலைபேசி. தண்ணீர் வரவில்லை, வந்தால் கலங்கலாக வருகிறது என்று ஊரே அவளைத் திட்டும். "பாக்கறோம் சார், சொல்றோம் மேடம்" என்று நாளெல்லாம் பேசிவிட்டு வந்து, "இன்னிக்கு என்ன படிச்சீங்க?" என்றாள். சந்தேகத்தோடு கேட்ட மாதிரிதான் இருந்தது. ஆக்டோபஸைச் சொன்னேன்.

"மூணு இதயமா? ஒண்ணாவது பொண்டாட்டிக்குன்னு ஒதுக்குமா?"

பிப்ரவரி 12

உப்பு. உப்பில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்று நம்பித்தான் உள்ளே போனேன். கடல், வியாபாரம், போர், ஊறுகாய் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று உப்பில் அயோடின் சேர்ப்பது ஏன் என்று ஒரு பத்தி. அயோடின் யாருக்கு வேண்டுமாம்? தைராய்டுக்கு!

போனைக் கவிழ்த்து வைத்தேன். ராத்திரிக் குழம்பில் உப்பு பத்தவில்லை என்று அவள் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பிப்ரவரி 13

அறுவைக்கு 23ஆம் தேதி கொடுத்திருக்கிறார்கள். வெள்ளி கிரகம் தன்னைத் தானே ஒரு முறை சுற்ற எடுக்கும் நேரம், அது சூரியனைச் சுற்றும் வருடத்தைவிட அதிகமாம். எங்கள் வீட்டிலும் தற்சமயம் ஒரு நாள் ஒரு வருடத்தைவிட நீளம்தான்.

பிப்ரவரி 15

மச்சினன் வந்தான். அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"மாமா, நான் எல்லாத்தையும் படிச்சிட்டேன். இந்தக் கட்டியில நூத்துக்கு—"

நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"நல்லதுதான் மாமா சொல்ல வந்தேன்!"

"எதுவும் வேணாம்பா. சத்தியம் பண்ணிருக்கேன்."

"படிக்கக் கூடாதுன்னுதானே சத்தியம்? கேக்கலாம்ல?"

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன். செருப்பு விற்கிறான்.

அவன் போனபிறகு மனம் ஆறாமல் போர்க்கலைப் பக்கம் போனேன். கத்தி படித்தேன். ஈட்டி படித்தேன். கேடயம் படிக்கலாம் என்று 'கேடய' வரைக்கும்தான் தட்டினேன், கீழே தானாகவே வந்து நின்றது: கேடயச் சுரப்பி. கேடயம் மாதிரி இருக்கிறதென்று தைராய்டுக்கு அந்தப் பெயராம். இதைப் படித்ததாகக் கணக்கு வைப்பதா வேண்டாமா? பெயரைத்தானே பார்த்தேன். வழியில் எதிர்ப்பட்டவருக்கு வணக்கம் சொல்வது விருந்து சாப்பிட்டதாகுமா?

பிப்ரவரி 18

ஒட்டகச்சிவிங்கி.

இதைவிடப் பாதுகாப்பான மிருகம் உலகத்தில் உண்டா? இலை தின்னும், நிற்கும், யார் வம்புக்கும் போகாது. கழுத்துதான் அதன் அடையாளமே என்பது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

குரல்வளைக்கு ஒரு நரம்பு போகிறது. மூளையிலிருந்து கிளம்புகிறது. குரல்வளை பக்கத்திலேயேதான் இருக்கிறது. ஆனால் நேராகப் போகாமல், கழுத்து முழுவதும் இறங்கி, நெஞ்சுக்குள் ஒரு பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கழுத்து முழுவதும் ஏறிப் போகிறது. பக்கத்துத் தெருவுக்குப் போக ஊரைச் சுற்றும் என் மாணவர்கள் மாதிரி. வாய்விட்டுச் சிரித்தேன். அந்த நரம்பின் பெயர் நீல எழுத்தில் இருந்தது. நீலத்தைக் கண்டால் தட்டுவது என் வியாதி. தட்டினேன்.

மனிதர்களுக்கும் அதே நரம்பு. தைராய்டை ஒட்டியே போகிறது. அறுவையில் அது அடிபடலாம். அடிபட்டால் குரல் கம்மிவிடும். பெரும்பாலும் சில மாதத்தில் சரியாகும். சிலருக்குத் திரும்பாமலே போகலாம்.

குரலா? குரல் போயிடுமா? எனக்கு ஏன் யாரும் சொல்லல? அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாம கையெழுத்துப் போட்டுட்டாளா? நான் போய்ச் சொன்னா சத்தியத்தை மீறினவன். சொல்லலன்னா — சொல்லலன்னா என்ன புருஷன் நான்?

"என்னங்க" என்று அவள் கூப்பிடும் விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்: சாப்பாடா, சண்டையா, கரப்பான்பூச்சியா. எழுதிக் காட்டினால் மூன்றும் ஒன்றுதான்.

அடுத்த வகுப்பில் கணக்கு டீச்சர் சிவப்பு விளக்கைத் தாண்டப் போனார். என் பக்கத்துப் பிரேக்கை அமுக்க எனக்குத் தோன்றவே இல்லை. அவரே அமுக்கினார். "சார், நானே நிறுத்திட்டேன்!" என்று ஒரே சந்தோஷம். பாராட்டினேன்.

பிப்ரவரி 19

கேட்டுவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒட்டகச்சிவிங்கியிலிருந்து ஆரம்பித்தேன். நரம்பு நெஞ்சு வரைக்கும் இறங்குவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"டாக்டர் எங்கிட்ட சொன்னாரு. நீங்க மருந்துக் கடைக்குப் போயிருந்தப்ப."

"நீ எங்கிட்ட சொல்லல?"

"அன்னிக்கே உக்காந்து உங்க களஞ்சியத்துல எல்லாத்தையும் படிச்சிட்டேன். மேலருந்து கீழ வரைக்கும். அடிக்குறிப்பு கூட விடல."

"அப்ப எனக்கு மட்டும் சத்தியமா?"

"ரெண்டு பேரும் பயந்து உக்காந்துட்டா சோறு வடிக்கிறது யாரு?"

பிறகு, மடித்த சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தபடி சொன்னாள்: "தெனமும் நீங்க ஆக்டோபஸ், வாழைப்பழம்னு வந்து சொல்றப்ப, நெசமாவே ஒண்ணும் இல்ல போலருக்குன்னு எனக்கே கொஞ்ச நேரம் தோணும். அதக் கெடுத்துட்டீங்களே."

அறிவாளியாக இருப்பதில் என்ன பிரயோஜனம் என்று களஞ்சியத்தில் எந்தத் தலைப்பில் தேடுவது?

பிப்ரவரி 22

நாளைக்கு. எதுவும் படிக்கவில்லை. அவளைப் பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. "என்ன, ஸ்டாக் பண்ணி வெக்கிறீங்களா?" என்றாள்.

பிப்ரவரி 23

உள்ளே அழைத்துப் போனார்கள். மச்சினன் காபி வாங்கப் போகிறேன் என்று போய்ப் போய் வந்தான். நான் வாம்பட் என்ற மிருகத்தைப் படித்தேன். அது கனசதுர வடிவில் சாணம் போடும். அதையே திரும்பத் திரும்பப் படித்தேன் போலிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "ரொம்ப முக்கியமான விஷயமா தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அவருடைய மகன் உள்ளே இருக்கிறானாம். "வேற எதாவது இருந்தா சொல்லுங்க" என்றார்.

வாம்பட் முடிந்து, கலங்கரை விளக்கமும் முடிந்து, பசை பாதியில் இருக்கும்போது நர்ஸ் வந்தார். நல்லபடியாக முடிந்தது. பசை எதனால் ஒட்டுகிறது என்று எனக்கு இதுவரை தெரியாது.

பிப்ரவரி 24

நேற்று முழுக்க மயக்கத் தூக்கம். இன்று காலை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து வாயை அசைத்தாள். காற்று வந்தது. வெறும் காற்று.

டாக்டர் நரம்பைத் தொடவில்லையாம், வீக்கமாம், வந்துவிடுமாம். எப்போது என்றேன். "பொறுமையா இருங்க" என்றார். நான் நாளெல்லாம் மாணவர்களிடம் சொல்லும் வாக்கியம் இது. கேட்பதற்கு இவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று தெரியாமல் போய்விட்டது.

மார்ச் 2

வீடு. ஆமென்றால் ஒரு கைதட்டல், இல்லையென்றால் இரண்டு. கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினால் நான் செய்தது தப்பு என்று அர்த்தம். கரண்டிச் சத்தம்தான் அதிகம் கேட்கிறது.

இத்தனை வருடத்தில் முதல் முறையாக ஒரு சண்டையில் நான் ஜெயித்தேன். திரும்பவும் நடக்க வேண்டாம் என்று இருந்தது.

மார்ச் 5

ஒன்றும் இல்லை. கட்டி கெட்டது இல்லை. சும்மா வந்த கட்டி.

அவள் சத்தமில்லாமல் அழுதாள். நான் சத்தம் போட்டு அழுதேன். ஒருவிதத்தில் சரியாகப் போயிற்று.

டாக்டர் சிரித்துக்கொண்டே, "இப்ப வேணா போய் நெட்டுல பாருங்க சார்" என்றார். வீட்டுக்கு வந்து அந்தக் கட்டுரையைத் திறந்து முழுதாகப் படித்தேன். இதற்கா இத்தனை ஓட்டம்? ஆக்டோபஸ் அளவுக்குக்கூட சுவாரசியம் இல்லை. பாதியில் தூங்கிவிட்டேன்.

மார்ச் 21

குரல் வருகிறது. ஆனால் அவளுடையது இல்லை. கனமாக, கரகரவென்று, யாரோ ஒரு பேருந்து நிலைய மேலாளர் எங்கள் அடுக்களையில் நின்று பேசுவது போல. "என்னங்க" என்று கேட்டதும் எழுந்து நின்றேன்.

"எதுக்கு எந்திரிக்கிறீங்க?"

எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 6

வேலைக்குத் திரும்பினாள். இந்தக் குரலோடு எப்படிச் சமாளிப்பாளோ என்று நாளெல்லாம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு டீச்சருக்கு லைசென்ஸ் கிடைத்ததற்குக்கூட ஒழுங்காக வாழ்த்துச் சொல்லவில்லை.

சாயங்காலம் வாசலிலேயே சிரிப்போடு நின்றாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு.

"எல்லாரும் என்னை சார்ங்கறாங்க."

"நீ திருத்தலையா?"

"எதுக்கு? தெனமும் போன் பண்ணி என்னைக் கிழிப்பானே ஒருத்தன், தண்ணி கலங்கலா வருதுன்னு. இன்னிக்கு என்ன சொன்னான் தெரியுமா? 'உங்களுக்கு எவ்ளோ வேலை இருக்கும்னு தெரியும் சார், முடிஞ்சப்ப பாருங்க சார்.' நான் வழக்கமா சொல்ற அதே பதில்தான் சொன்னேன். 'பாக்கறோம்.' தேங்க்ஸ் சொல்லி போனை வெச்சான்!"

ஏப்ரல் 17

இப்போதெல்லாம் சிக்கலான அழைப்புகளை அலுவலகத்தில் அவளுக்கே மாற்றி விடுகிறார்களாம். குழாய் பழுது பார்க்கும் ஒப்பந்தக்காரரிடம் அவள் பேசினால் அன்றைக்கே ஆள் வருகிறதாம். மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு, இவ்வளவு நாள் இந்தத் திறமையை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டாராம்.

"என்ன சொன்ன?"

"கழுத்துக்குள்ள இருந்துச்சு சார், இப்பத்தான் எடுத்தாங்கன்னேன்."

சிரித்தேன். அப்புறம் அதை நினைத்து அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. அவள் அதே ஆள்தானே? அதே சொற்கள்தானே?

ஏப்ரல் 30

குரல் பயிற்சி தருபவரிடம் போனோம். காலையில் நீட்டி நீட்டி 'ஆ' சொல்ல வேண்டும். ஒழுங்காகச் செய்தால் பழைய குரல் வந்துவிடும் என்றார்.

காரில் ஏறியதும் கேட்டாள்: "ஒழுங்கா பண்ணலன்னா?"

எனக்குப் பழைய குரல் வேண்டும். அதைச் சொல்லவும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "உங்களுக்கென்ன, நீங்க பொறந்ததுலருந்தே சார்" என்றாள். வண்டியைக் கிளப்பினேன். களஞ்சியத்தில் எதையும் தேடவில்லை.

மே 16

காலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து, "என்னங்க! துண்டை மறந்துட்டேன்!"

பழைய குரல். முழுசாக. ஒரு கீறல் இல்லாமல்.

எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே தண்ணீர் நின்றது. அவளும் அதைக் கேட்டிருக்க வேண்டும். பிறகு தொண்டையைச் செருமும் சத்தம். ஒரு தரம், இன்னொரு தரம், அடித்தொண்டைக்கு இறங்கி, "சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். பேருந்து நிலைய மேலாளர் அப்படியே இருந்தார்.

கதவு லேசாகத் திறந்தது. ஈரக் கை மட்டும் வெளியே வந்தது.

"ஆபீசுல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சரி சார்" என்று துண்டைக் கொடுத்தேன்.