ஆத்தூரில் விட்டு வந்த கல்

அன்புள்ள சம்பந்தி,

போன இடம் எப்படி இருக்கிறது? இந்நேரம் அங்கேயும் தண்ணீர் வசதி, பஸ் வசதி எல்லாம் விசாரித்து முடித்திருப்பீர்கள்.

இங்கே சேதி இதுதான். எனக்கும் வேலை முடிந்தது. தை மாதக் கடைசிக்குள் எஸ்டேட் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ரிட்டையர் ஆனதும் கீழே ஏதாவது ஊரில் ஒரே வீடாகப் பிடித்து, பெண்டாட்டியைப் பறிகொடுத்த நாம் இருவரும் ஆளுக்கொரு அறையில் இருப்பது என்று பேசி வைத்தோமே. நீங்கள் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர், திட்டமெல்லாம் உங்களுடையது. நான் ஜீப் டிரைவர், சொன்ன இடத்துக்கு ஓட்டுவேன். இப்போது ஓட்டுகிறவன் மட்டும்தான் மிச்சம்.

ஞாயிறு பூசை முடிந்து ஏற்காடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாம் எத்தனை ஊர்களைத் தள்ளுபடி செய்திருப்போம். தர்மபுரியில் தண்ணீர் சரியில்லை. நாமக்கல்லில் லாரிச் சத்தம். ஓசூரில் வாடகை. கடைசியில் நீங்கள் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டி, "ஏனுங்க சம்பந்தி, குறையில்லாத ஊரு ஒண்ணு இருக்குதுங்க. பஸ்ஸுதான் இல்லீங்க" என்று சிரிப்பீர்கள். பஸ் வரும் வரை காத்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

என் மகள் மேரியும் உங்கள் பையனும் சேலத்துக்கே வந்துவிடச் சொல்கிறார்கள். மாடி அறை காலியாக இருக்கிறதாம். பிள்ளைகள் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால்தான் கறிச்சோறு என்கிற உங்கள் சட்டத்தைச் சொன்னேன். மேரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"எல்லா ஊருக்கும் ஒரு குறை சொல்றீங்கப்பா. குறை ஊருலயா, உங்ககிட்டயா?"

பத்தாவது தாண்டாத எனக்கு இதற்கெல்லாம் பதில் தெரியுமா? உங்கள் பையனின் காரை வாங்கிக்கொண்டு ஆத்தூரில் ஒரு வீடு பார்க்கப் போனேன்.

கூடவே உங்கள் கல்லும் வந்தது. மலையில் வண்டி உருளாமல் சக்கரத்துக்கு வைக்க ஜீப் சீட்டுக்கு அடியில் வைத்திருப்பீர்களே, அந்தக் கருங்கல். ஜீப்பை ஒப்படைத்த அன்று அதை மட்டும் எடுத்து வந்துவிட்டேன். ஆத்தூர்த் தெரு தோசைக்கல் மாதிரி சமமாக இருந்தது. நான் இறங்கினேன். பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். எதிர்வீட்டுப் பெண், "ஏனுங்க, இந்த ரோட்டுல காரு எங்கீங்க போயிரும்?" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்ய?

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மேற்கு வெயில் நேரே உள்ளே வருகிறது. காற்றாடி, காப்பிப் பழம் உரிக்கிற மிஷின் மாதிரி சத்தம் போடுகிறது. இரண்டாவது அறைக் கதவு காற்றுக்கு அடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு குறையையும் உங்களிடம் சொல்லிச் சிரிக்க ஆசையாகச் சேர்த்துக்கொண்டே வந்தேன். வாசலுக்கு வந்த பிறகுதான் நீங்கள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. மேரிக்குப் பதிலும் அப்போதுதான் கிடைத்தது: குறை ஊரில் இல்லை, நீங்கள் இல்லாததுதான் குறை.

சேலத்தில் காரை விட்டுவிட்டு மலைக்குப் பஸ் ஏறினேன். ஒரு வளைவில் பஸ் நின்றபோது கண்டக்டர் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் கல் ஆத்தூர்த் தெருவிலேயே கிடக்கிறது.

கரடியூர் ஏற்றமோ செம்மநத்தம் இறக்கமோ, எத்தனை வருடம் நமக்கு ஒரே வழக்கம்தானே. வண்டியை எடுப்பது நான், கல்லை எடுப்பது நீங்கள். கல்லை உள்ளே போட்டுவிட்டு "போலாமுங்க" என்பீர்கள். அந்தச் சத்தம் கேட்காமல் அன்றைக்கு எப்படி வண்டியை எடுத்தேன்?

மறு வாரம் பஸ்ஸிலேயே போனேன். கல்லைத் தேடி எடுக்கணும், வீடு வேண்டாம் என்று நாசூக்காகச் சொல்லணும். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கல்லை எடுத்து வந்தார். கழுவி வைத்திருந்தார்.

"பஸ்ஸுல சீட்டுக்குத் துண்டு போடறாப்பல கல்லப் போட்டுட்டுப் போயிட்டீங்க. நானும் வூட்ட வேற ஆருக்கும் காட்டலீங்க."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீடு வேண்டாம் என்று சொல்ல வந்தவன் கல்லை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"நீங்க மட்டுந்தானுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, நான் மட்டுந்தானுங்க."

நீங்கள் போனபிறகு இதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்ல முடிந்தது, சம்பந்தி. முன்பணம் கொடுத்துவிட்டேன்.

உங்களுக்கென்று பேசிய இரண்டாவது அறைக் கதவுக்கு அந்தக் கல்லை முட்டுக் கொடுக்கப் போகிறேன். கல்லறைத் திருநாளுக்கு மேலே வந்து உங்கள் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு, ஆத்தூரின் குறைகளை ஒன்று விடாமல் சொல்கிறேன். இனிமேல் எந்த வண்டியை எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்கு வைத்த கல்லை நானே எடுத்துப்போட்டு, "போலாமுங்க" என்று நானே சொல்லிக்கொண்டு கிளம்புவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் மகனுக்குப் பெண் கொடுத்தவன்