நான் எழுதாத பெயர்

பிப்ரவரி 8, 1949

இன்று ஏர்லீன் ‘ஒபீலியா’ என்றாள். நான் ‘ஒலிவியா’தான் என்றேன். எங்கள் மிஸ் ஓ. எல். போல்டனின் பெயரில் அந்த ‘ஓ’ எதற்கு நிற்கிறது என்று எட்டாம் வகுப்பில் பந்தயம் நடக்கிறது. ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட்டாலும் அந்த இரண்டு எழுத்துகள்தான். தோற்றவர்கள் ஒரு மாதம் அடுப்புக்குக் கரி சுமக்க வேண்டும்.

கடைசியில் ஏர்லீன் அவரிடமே கேட்டுவிட்டாள். மிஸ் கோபப்படவில்லை.

“பேரு வெளிய தெரிஞ்சா டவுன்ல இருக்கிற வெள்ளைக்காரங்க அதைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. தெரியலேன்னா வேற வழியில்லாம மிஸ் போல்டன்னு சொல்லணும். போய்ப் பின்னக் கணக்கைப் போடு.”

வீட்டில் இதைச் சொன்னேன். அம்மா துணி தேய்க்கப் போகும் வெள்ளைக்கார வீட்டில் ஐந்து வயதுப் பையன் “ஹேட்டி, என் ஷூவை எடு” என்பான். அம்மா அவனை ‘மிஸ்டர் டாமி’ என்று கூப்பிட வேண்டும்.

“உங்க மிஸ் காலேஜ் படிச்சவங்க. அவங்களுக்குக் கட்டுபடி ஆகும்” என்றாள் அம்மா.

பிப்ரவரி 21

மிஸ் போல்டன் சனிக்கிழமை ஓட்டுக்குப் பெயர் பதியக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். நம் கறுப்பு ஆட்களில் இந்த ஊரில் அப்படிப் போன முதல் பெண் அவர்தானாம். சாயங்காலம்வரை நிற்க வைத்துவிட்டு, பேப்பர் தீர்ந்துவிட்டது என்று சொன்னார்களாம். எங்களுக்குச் சட்டம் பற்றிய பாடம் நடத்துகிற ஒருவரிடம்! மறுபடியும் போவேன் என்கிறார்.

மார்ச் 3

இதை இன்றே எழுதிவிடுகிறேன்.

மாவட்டக் கல்வி அதிகாரி, வெள்ளைக்காரர் லாம்ப்கின் இன்று வகுப்புக்குள் வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. பின்னாலேயே எங்கள் தலைமையாசிரியர் மிஸ்டர் கெய்தர், தன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. மிஸ் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். லாம்ப்கின் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த ‘ஓ’வின் முழுப் பெயரை. மிஸ் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்.

“ஏ பொண்ணே, உன்னைத்தான். காது செவிடா? கோர்ட்டுல போய் நிக்க மட்டும் தெரியுதில்ல?”

மிஸ் அந்த வரியை முடித்துவிட்டுத் திரும்பினார். “மிஸ்டர் கெய்தர், இவர் யாரையோ தேடி வந்திருக்கார் போல. என் பேரு மிஸ் போல்டன்.”

லாம்ப்கின் முகம் சிவந்துபோயிற்று. “கெய்தர், நீ கூப்பிடு இவளை.”

தினமும் காலையில் தொப்பியைத் தூக்கி ‘குட் மார்னிங், மிஸ் போல்டன்’ சொல்கிற மிஸ்டர் கெய்தர், தரையைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னார்.

மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்தார். அவரைப் பார்த்தார். அவருக்கும் பதில் சொல்லவில்லை.

எத்தனை ஆசைப்பட்டோம் அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள. இப்போது தெரிந்துவிட்டது. ஏன் தெரிந்தது? யார் கொடுத்த உரிமை அது? அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. திரும்பி வரும்போது பந்தயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

மார்ச் 4

மிஸ்டர் கெய்தர் கோழை. கோழை. கோழை.

மார்ச் 14

ஏப்ரல் எட்டாம் தேதி பள்ளி வாரியம் கூடுகிறது. மிஸ் மன்னிப்புக் கேட்டால் வேலையில் இருக்கலாம். இல்லையென்றால், அவர் கீழ்ப்படியவில்லை என்று மிஸ்டர் கெய்தர் சாட்சி சொல்வார், வேலை போகும்.

“ஒரு தடவை ‘சரிங்கய்யா’ன்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சு” என்றாள் அம்மா.

“நீதான் தினமும் சொல்றியே. என்ன முடிஞ்சுது?”

தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அடிப்பாள் என்று நினைத்தேன். “நான் சொல்றதாலதாண்டி நீ உக்காந்து புஸ்தகம் படிக்கிற” என்றாள். அப்புறம் மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். அடித்திருக்கலாம்.

மார்ச் 22

கேட்டுவிட்டேன். ஆபீஸ் அறை வாசலில் நின்று, “நீங்க ஏன் சார் கூப்பிட்டீங்க?” என்று.

மிஸ்டர் கெய்தர் கண்ணாடியைக் கழற்றினார். “இந்தக் கூரைக்குத் தகரம் எப்படி வந்துச்சுன்னு தெரியுமா, வெர்டெல்? லாம்ப்கின் வீட்டுக் கொல்லைப் பக்கமா போய் நின்னேன். ‘டேய் பையா, உள்ள வா’ன்னான். எனக்கு அம்பத்தோரு வயசு. போனேன்.”

பாவமாக இருந்தது. பாவப்பட்டுவிட்டேனே என்று இன்னும் கோபம் வந்தது. தலைக்கு மேல் தகரம் வேண்டுமென்றால் மனிதன் பையனாக வேண்டுமா?

ஏப்ரல் 8

அம்மாவும் வாரியக் கூட்டத்துக்குப் போனாள். நான் கேட்கவே இல்லை. காலையில் கைப்பையை எடுத்துக்கொண்டு, “இன்னிக்கு அந்த வீட்டுத் துணி காத்திருக்கட்டும்” என்றாள். திரும்பி வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

“நம்ம ஆளுங்களை எல்லாம் பின் சுவரோரமா நிக்க வச்சுட்டாங்க. உங்க மிஸ் மன்னிப்பெல்லாம் கேக்கலை. அப்புறம் அந்த லாம்ப்கின் கெய்தரைப் பார்த்து, ‘அன்னிக்கு நீ கூப்பிட்டப்போ அந்தப் பொண்ணு கீழ்ப்படிஞ்சாளா?’ன்னான். மனுசன் யோசிச்சார். ‘எந்தப் பொண்ணைக் கேக்குறீங்க? எட்டாங்கிளாஸ்ல நிறையப் பொண்ணுங்க இருக்காங்களே’ன்னார். பின்னாடி ஒருத்தி களுக்குன்னு சிரிச்சா.”

“யாரும்மா?”

“நான்தான். அப்புறம் அவர் சொன்னார், ‘மிஸ் போல்டனைக் கேக்குறீங்கன்னா, அவங்க பாடம் நடத்திக்கிட்டிருந்தாங்க. தப்பாக் கூப்பிட்டது நான்’னு. தலையைக் குனியவே இல்லை.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. ரெண்டு பேருக்கும் வேலை போச்சு.”

ஏப்ரல் 9

வாரியத்தில் இருக்கிற ஐந்து பேரும் எங்கள் பள்ளியில் ஒரு நாள்கூட உட்கார்ந்து பாடம் கேட்டதில்லை. மழையில் எங்கள் ஜன்னல் ஒழுகுவது அவர்களுக்குத் தெரியாது. மிஸ் வருவதற்கு முன் இங்கே யாருக்கும் பின்னக் கணக்கு வராது என்பதும் தெரியாது. ஆனால் யார் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். மிஸ்டர் கெய்தரைக் கோழை என்று எழுதிய பக்கத்தைக் கிழிக்க மாட்டேன். அன்றைக்கு அவர் செய்தது அதுதான். நேற்றுச் செய்தது இது.

செப்டம்பர் 12

மிஸ் ஊரைவிட்டுப் போகவில்லை. சர்ச்சின் கீழறையில் பகலில் எங்களில் பதினேழு பேருக்குப் பாடம். சாயங்காலம், ஓட்டுக்குப் பெயர் பதியும்போது வைக்கிற பரீட்சைக்காகப் பெரியவர்களுக்கு. மிஸ்டர் கெய்தர் இப்போது மர அறுவை மில்லில் பலகை ஏற்றுகிறார். சாயங்காலம் தலையில் மரத்தூளோடு நேராக இங்கே வந்துவிடுகிறார். மிஸ்ஸுக்கும் அவருக்கும் நடுவில் பேச்சு இன்னும் குறைவுதான்.

இன்று அம்மா முதல் தடவை வந்தாள். கைப்பையைக் கீழே வைக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சர்ச்சில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர் ஹேட்டி. மிஸ்டர் கெய்தர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வருகையைக் குறித்துக்கொண்டு வந்தார்.

“மிஸஸ் ஸ்டர்டிவன்ட்.”

யாரும் பதில் சொல்லவில்லை. அவர் பொறுமையாக இன்னொரு தடவை கூப்பிட்டார். நான் அம்மாவை முழங்கையால் இடித்தேன்.

அவள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள்.

“யாருடி அது, நம்ம பேர்ல?”